நிழலில் நாற்பத்தொரு குச்சிகள்

செம்பருத்திக் குச்சியைத் தண்ணீர் பாட்டிலில் போட்டு ஜன்னல் வெயிலில் வைத்திருக்கிறீர்கள், மேடம். நாலு நாளில் அழுகிவிடும். தப்பாக நினைக்காதீர்கள். ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

வீட்டில் குச்சியை வேர்விட வைக்க என்னென்ன சாமான் வேண்டும் என்று நேற்று கேட்டீர்கள். கேஸுக்காகக் கேட்டீர்களோ, செம்பருத்திக்காகக் கேட்டீர்களோ, எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பதில்தான். எழுதுகிற தம்பியை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். அந்தக் கதவு மட்டும் திறந்தே இருக்கட்டும்.

என் பெயர் நல்லசிவம். வயது அறுபத்து மூன்று. தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில், பட்டுப் பிரிவில், முப்பத்தோரு வருஷம் நின்றேன். மேற்கு மாம்பலத்தில் ஆறு வீடுகள் கொண்ட பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடி என்னுடையது. அதற்கு மேலே மொட்டைமாடி.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம் என் மனைவி சண்முகவடிவு சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். ஏ.சி.க்காகக் கதவைச் சாத்தியிருந்தோம். பக்கத்திலேயே நானும் தூங்கினேன். நான் எழுந்தேன், அவள் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து சாத்திய கதவுக்குள் என்னால் இருக்க முடியாது. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை நனைந்துவிடும். குளிக்கும்போதுகூடக் கதவைத் திறந்துதான் வைப்பேன். மொட்டைமாடிக்கு ஏறினால்தான் மூச்சு வரும். அங்கே எத்தனை நேரம் சும்மா உட்காருவது? அதற்காக ஆரம்பித்ததுதான் செடி.

முதலில் பிளேடு. கத்தரிக்கோல் கூடாது, தண்டை நசுக்கிவிடும். புது பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, கணுவுக்குக் கீழே ஒரே இழுப்பாக வெட்ட வேண்டும். அடுத்து தேங்காய் நார்த்தூள். அதில் உப்பு இருக்கும், மூன்று தடவை அலசாமல் போடக்கூடாது. வேர் பிடிக்கும் பவுடர் சின்ன டப்பா போதும், பெரிது வாங்கினால் வீணாகும். கப் மட்டும் உள்ளே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேர் வந்ததா என்று பார்க்கக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டே இருப்பீர்கள். வீடியோக்களில் அடியில் சூடு கொடுக்கும் விரிப்பு ஒன்று வாங்கச் சொல்வார்கள். அது குளிர்தேசத்துக்காரர்களுக்கு. சென்னையில் சூட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

முக்கியமானது மூடி. வேர் இல்லாத குச்சிக்குக் காற்றில் ஈரம் வேண்டும். ஒன்றிரண்டு குச்சி என்றால் பாட்டிலைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தால் போதும். என்னிடம் நாற்பதுக்கு மேல். கூண்டு தேவைப்பட்டது.

புதுப்பேட்டையில் பழைய சாமான் விற்கும் குலாம் முகம்மதுவிடம் அந்த எஸ்.டி.டி. பூத்தைப் பார்த்தேன். அலுமினியச் சட்டம், ஆள் உயரம், ஒற்றைக் கதவு. பத்து வருஷமாக வெயிலிலும் மழையிலும் கிடந்ததாம்.

"இன்னா சார், உள்ள நின்னுகினு யாருக்கு போன் போடப் போறீங்க?" என்று சிரித்தார் அவர். செடிக்கு என்றேன். "செடிக்கா? அப்போ லோக்கல் கால்தான்," என்றார்.

கண்ணாடிகள் விரிசல் விட்டிருந்ததால் எடுத்துவிட்டு பாலிகார்பனேட் தகடு போட்டேன். சுத்தியலால் அடித்தாலும் உடையாது என்று கடைக்காரர் சொன்னார். அப்போது நான் நினைத்தது காக்கையையும் குரங்கையும்தான். ஈரம் வெளியே போகாமல் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. மேலே திறந்து மூடுகிற ஜன்னல். வெயிலுக்குப் பச்சை வலை. கடற்காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க வெளியே ஒரு தாழ்ப்பாள். கடைசியாக ரிச்சி தெருவில் ஒரு மீட்டர் வாங்கினேன். கூண்டுக்குள் ஒரு சின்னப் பெட்டி, கீழே என் சமையலறையில் ஒரு திரை. மேலே எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று காபி போட்டுக்கொண்டே பார்க்கலாம்.

கோமளம் அம்மாள் எனக்குக் கீழே, முதல் மாடி வீடு. அறுபத்தாறு வயது, கணவர் இல்லை. கட்டடத்தில் என்னைப் பற்றிச் சரியாகத் தெரிந்த ஒரே ஆள். "செடிக்குக் கதவு, தாழ்ப்பா எல்லாம் பண்ணிட்டேள். உங்களுக்கு ஒரு கதவைச் சாத்திக்கத் தைரியம் இல்லை," என்று கேலி செய்வார். கேலிதான். ஆனால் அவர் வீட்டுக்கு நான் காபி குடிக்கப் போனால், சொல்லாமலே வாசல் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிடுவார்.

போன வருஷம் பில்டர் வந்தார். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னார். நாலு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் காலி செய்தார்கள். நானும் கோமளம் அம்மாளும் மட்டும் மறுத்தோம். இரண்டு பேர் சேர்ந்து நிற்கிற வரை கை வைக்க மாட்டேன், ஒருத்தர் என்றால் வேறு வழி இருக்கிறது என்று பில்டர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். இடித்தால் எனக்கு இரண்டு வருஷம் வாடகை வீடு. அங்கே மொட்டைமாடி ஹவுஸ் ஓனருடையது. நாலு சுவர், சாத்திய கதவு. அதை நினைத்தாலே மொட்டைமாடிக்கு ஏறிவிடுவேன், மேடம்.

பதினோரு மாதம் கோமளம் அம்மாள் என்னோடு நின்றார். மே மாதம் ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"சார், பயமா இருக்கு. காலி ஆத்துலேருந்து யாரோ ஜன்னலைக் கழட்டிண்டு போறான். மோட்டார் ரிப்பேர்னா கேக்க ஆள் இல்லை. முட்டி வேற ஏற மாட்டேங்கறது. திங்கட்கிழமை கையெழுத்துப் போடறதா சொல்லிட்டேன். நீங்களும் வாங்கோ. சேர்ந்தே போட்டுடலாம்."

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, புது வீட்டில் எனக்குப் பால்கனி வாங்கித் தருவதாக பில்டரிடம் பேசுகிறேன் என்றார். நல்ல மனுஷி. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தேன். அவர் மகள் சீதா சிங்கப்பூரில். மகன் ஜெயராம் புனேயில். இரண்டு பேரும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. கோமளம் அம்மாள் இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழ், பாகப் பிரச்சினை, வக்கீல் என்று குறைந்தது நாலு வருஷம் யாரும் கையெழுத்துப் போட முடியாது. நாலு வருஷம் மொட்டைமாடி எனக்கு இருக்கும். அதற்குப் பிறகு நானே இருக்கிறேனோ இல்லையோ. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அவகாசம்.

காம்பவுண்டில் ஒரு மனோரஞ்சிதம் இருக்கிறது. அவர் கணவர் வைத்தது. இடிக்கும்போது அதுவும் போய்விடும் என்று அதிலிருந்து ஒரு குச்சி வேர்விட வைத்துத் தரச் சொல்லியிருந்தார். லேசில் வேர் விடாது அது. எத்தனையோ குச்சி வைத்ததில் ஒன்றுக்குத்தான் வந்தது.

வியாழக்கிழமை வலையை எடுத்து, மேல் ஜன்னலை மூடி, கோலியஸ் என்ற வண்ண இலைச்செடியை ஒரு தட்டு கூண்டுக்குள் விட்டுப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரத்தில் வெந்த கீரை மாதிரி துவண்டுவிட்டது. அந்தத் தட்டை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை போய் அவரைக் கூப்பிட்டேன். உச்சி வெயிலில் கப் வழியாக வேர் நன்றாகத் தெரியும், பன்னிரண்டு மணிக்கு வாருங்கள் என்றேன். அது பொய்யில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறி வந்தார். ஒரு கையில் போன், ஒரு கையில் தூக்கில் எனக்கு மோர். "கத்திரி வெயில்ல நாள் பூரா இங்கேயே நிக்கறேளே, குடியுங்கோ," என்றார். குடித்தேன். உப்பு கொஞ்சம் குறைவு. ஈரத்தில் போன் கெட்டுவிடும், வெளியே வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். கைப்பிடிச் சுவரில் வைத்தார். கூண்டில் கடைசித் தட்டில் இருந்தது மனோரஞ்சிதம். அவர் குனிந்து கப்பைக் கையில் எடுத்தபோது கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். அவருடைய போன் வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தது. எடுத்து நிழலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. திரையில் சீதா என்று வந்தது. நின்றது. மறுபடி அடித்தது.

ஐந்து மணிக்கு நான்தான் திறந்தேன். நான்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். வலையைத் துவைக்க எடுத்திருந்தேன், அவர் செடி பார்க்கத் தனியாகப் போயிருக்கிறார், காற்றில் கதவு சாத்தித் தாழ்ப்பாள் விழுந்திருக்கிறது, நான் கீழே தூங்கிவிட்டேன் என்று உங்களிடம் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். மாடியை ஒரு சுற்று சுற்றிப் படம் எடுத்தீர்கள். பதினாறு நாள் என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நேற்று அந்தப் படத்தை மேஜையில் வைத்தீர்கள்.

"நாப்பத்தோரு செடி தண்ணித் தொட்டி நிழல்ல கீது. ஈரம்கூடக் காயல. ஒண்ணே ஒண்ணு மட்டும் அந்தம்மா கையில கீது. நீங்க தூங்கிக்கினு இருந்தீங்க, சரி. உள்ள வேகப்போவுதுன்னு செடிங்களுக்கு மட்டும் யார் சார் சொன்னது?"

படத்தை என் பக்கம் தள்ளினீர்கள். "நொச்சிக்குப்பத்துல கருவாடு காயப்போடற வூட்ல பொறந்தவ நான். வெயில் எத்த இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியும்," என்றீர்கள்.

உங்களை நான் மதிக்கிறேன். வேறு யாராவது என்றால் செடிகளை உள்ளேயே விட்டிருப்பான், மாட்டியிருக்க மாட்டான். என்னால் முடியவில்லை. அத்தனையும் வேர் பிடிக்கிற பருவம். காலை ஒன்பது மணிக்கே ஒவ்வொரு தட்டாக எடுத்து நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்தேன். மதியம் ஒரு தடவையும் தெளித்தேன். அதற்காக வருத்தப்படவில்லை. நாற்பத்தொன்றில் ஒன்றுகூடச் சாகவில்லை.

தூங்கவும் இல்லை. பிறகு கீழே போய் மீட்டரைப் பார்த்தேன். கூண்டுக்குள் ஈரத்துக்காகத் தண்ணீர் தெளிக்கிற சின்ன பம்ப் ஒன்று வைத்திருந்தேன், அதையும் நிறுத்தியிருந்தேன், ஆனாலும் உள்ளே ஈரம் ஏறிக்கொண்டே போனது. நாற்பது, ஐம்பத்தாறு, எழுபது. காலியான கூண்டில் ஈரம் ஏறாது, மேடம். உள்ளே மூச்சு விடுகிற ஏதாவது இருக்க வேண்டும். இரண்டே காலுக்கு அது ஏறுவது நின்றது. வெப்பம் மட்டும் ஏறியது. ஐம்பத்தேழு புள்ளி எட்டு வரை போனது. அதிகபட்சத்தை அந்த மீட்டர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அழிக்க ஒரு பட்டன் இருக்கிறது. நான் அழிக்கவில்லை, நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

நான் போட்ட கணக்கு ஒன்றில் தப்பிவிட்டது. ஒன்பது வருஷம் பேசாத அண்ணனும் தங்கையும் பதிமூன்றாம் நாள் அம்மா வீட்டுக் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள். இனிமேல் எங்களுக்குள் சண்டை எதற்கு என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டுவிட்டார்கள். சீதா என்னிடம் வந்து, கடைசி நேரத்தில் அம்மாவோடு இருந்தவர் நீங்கள்தான் என்று கும்பிட்டாள். அவள் சொன்னது அந்தப் பதினோரு மாதத்தை. ஆனால் அந்த மதியத்துக்கும் அது உண்மை. உங்களிடம் நான் இன்னும் சொல்லாதது அது ஒன்றுதான்.

முதல் முக்கால் மணி நேரம் நான் கீழே போகவில்லை. கூண்டுக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். சாத்திய கதவு என்றால் எனக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். உடம்பெல்லாம் உதறியது, எழுந்திருக்கக் கால் வரவில்லை. என் முதுகு நடுங்குவது தகடு வழியாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. கதவு ஒட்டிக்கொண்டுவிட்டது, நான் திறக்கப் போராடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து தட்டவில்லை, கத்தவில்லை. என்னிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பதறாதேங்கோ சார். ரப்பர் பிடிச்சிண்டிருக்கும். மெதுவா இழுங்கோ, வந்துடும். உங்களுக்குக் கதவுன்னா ஆகாதுன்னு எனக்குத் தெரியும். நான் இங்க தானே இருக்கேன். மூச்சை நன்னா இழுத்து விடுங்கோ."

நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கடைசியில் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. அப்போதும் அதையேதான் சொன்னார். அவர் சொன்னபடி மூச்சை இழுத்து விட்டேன். படபடப்பு அடங்கியது. அதற்குப் பிறகுதான் எழுந்து கீழே போக முடிந்தது.

தாழ்ப்பாளைப் போட்டது நான். திறக்காமல் உட்கார்ந்திருந்தது நான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர் பயந்து துடித்துச் செத்தார் என்று மட்டும் எழுதாதீர்கள், அது நியாயமில்லை. அன்றைக்கு அந்த மாடியில் பயந்தது ஒரே ஒருத்தர்தான், மேடம். அது நான்தான்.