வீட்டுக்கு ஏற்ற மில்லிங் மிஷின்

மில்லிங் மிஷின் வாங்குகிறவர்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள். அது தப்பு. எடையைத்தான் பார்க்க வேண்டும். இரும்பைச் செதுக்கும்போது மிஷின் ஆடக் கூடாது.

இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றதும் மஞ்சக்குப்பத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டேன் ஐயா. அதில் என்ன செய்யப் போகிறேன் என்று எல்லோரும் கேட்டார்கள். நல்ல மிஷின் வந்துவிட்டால் செய்வதற்கு ஏதாவது தானாகத் தோன்றும் என்றேன். என் மனைவி அமராவதியின் தம்பி அருள்முருகன் சிதம்பரத்தில் லேத் பட்டறை வைத்திருந்தான். "மாமா, மேசை மேல வெக்கிற சின்னதே உங்களுக்கு ஜாஸ்தி" என்றான். அதையே வாங்கினேன். அலுமினியத்துக்கே அது தடதடவென்று நடுங்கியது.

பொங்கலுக்கு வந்தவன் சொந்தக்காரர்கள் முன்னால் அதை ஓட்டிக் காட்டினான். அழகாக ஓடியது. "மிஷினு ஆடலக்கா, மாமாவுக்குத்தான் கை ஆடுது."

எல்லோரும் சிரித்தார்கள். அமராவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்புக்கு நான் விரோதி அல்ல.

அதன் பிறகுதான் பெரியதாகத் தேடினேன். சிதம்பரத்தில் மூடிப்போன பட்டறை ஒன்றில் பழைய மிஷின் கிடைத்தது. கிட்டத்தட்ட ஒரு டன். அருள்முருகனே பேசி முடித்து, லாரியில் ஏற்றி, கூடவே வந்து ஷெட்டில் இறக்கியும் கொடுத்தான். உதவும் குணம் அவனுக்கு உண்டு. அதை நான் மறைக்கவில்லை.

இந்த மாதிரி மிஷினுக்குத் தலைக்கனம் அதிகம், அடி சிறியது. ஒரு பக்கத்தை அளவுக்கு மேல் தூக்கினால் மறுபக்கம் சாய்ந்துவிடும். இதைச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.

தரை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. மிஷினைத் தூக்கி அடியில் தகடு கொடுக்க வேண்டும். லாரி ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவர்கள் வரட்டும் என்றான்.

"இதுக்கு எதுக்குப்பா அவுங்க? நான் ஜாக்கி ஏத்துறேன். நீ அந்தப் பக்கம் உக்காந்து மட்டம் பாத்துச் சொல்லு."

உட்கார்ந்தான். ஜாக்கியின் தண்டை அழுத்தினேன்.

"போதும் மாமா" என்றான். பிறகு, "மாமா, போதும், சாயுது."

அவன் எழுந்து ஓடியிருக்கலாம். இரண்டு கையாலும் மிஷினைத் தாங்கப் பார்த்தான். என் பொருள் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்தான் போலிருக்கிறது.

துக்கத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் அமராவதி சொல்லி அழுகிறாள்: "அவருக்குக் கை நிக்காதுங்க. தெரிஞ்சிருந்தும் என் தம்பி அவர நம்பி உக்காந்துட்டானே." தெருவே அதை நம்புகிறது. கேட்டுக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பது? அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கை தவறவில்லை ஐயா. போதும் என்று அவன் சொன்னது நன்றாகவே கேட்டது. அதற்குப் பிறகும் நிதானமாக, ஒரே சீராக அழுத்தினேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மற்றபடி அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.