நான் பார்த்துவிட்ட வண்டி

ஓடாத மைக்கையும் ஓட வைக்கும் உரத்த குரலுக்குச் சொந்தக்காரரான தலைவர் அவர்களே! எஞ்சின் இருமினாலே அதன் வயதைச் சொல்லிவிடும் மூத்த மெக்கானிக்குகளே! விடுமுறையில் வீட்டைத் தலைகீழாக்கும் பிள்ளைகளிடமிருந்து தப்பித்து வந்திருக்கும் தாய்மார்களே! இறக்குமதி வண்டி வாங்கப் போகிறவர்களே, வாங்கியவர்களே, வாங்கிவிட்டு வெளியே சொல்ல முடியாமல் விழிப்பவர்களே! உங்கள் அனைவருக்கும் கழுவியும் கிரீஸ் போகாத இந்த இரு கைகளின் வணக்கம்!

"கடல் கடந்து வரும் பழைய வண்டியைக் கண்டறிவது எப்படி? முப்பது ஆண்டு அனுபவசாலி பேசுகிறார்" என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். அந்த அனுபவசாலி சென்ற மாதம் அசடு வழிந்த கதையைத்தான் பேசப் போகிறேன். பின் வரிசையில் பெயின்டர் இப்போதே சிரிக்கிறார். பொறுங்கள் ஐயா, இன்னும் ஆரம்பிக்கவே இல்லை!

என் தங்கை பள்ளி வேன் ஓட்டுகிறவள். வாடகைக்கு எடுத்திருந்த வேனை உரிமையாளர் திரும்பக் கேட்டுவிட்டார். பள்ளி திறப்பதற்குள் சொந்த வேன் வேண்டும். இல்லாவிட்டால் ஒன்பது பிள்ளைகளும் வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள். பிழைப்பும் போய்விடும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள யார்டில், வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய ஒரு வெள்ளை வேன் நின்றது. பளபளப்பென்றால் பளபளப்பு, முகம் பார்த்துத் தலை சீவலாம்!

தரகர் சொன்னார்: "ஒரு டாக்டர் வெச்சிருந்த வண்டி சார். கடைக்குப் போக மட்டும்தான் எடுப்பாரு."

நான் கேட்கிறேன், அந்த நாட்டு வண்டிகள் எல்லாம் டாக்டர்கள் வைத்திருந்தவைதானா? அத்தனை டாக்டர்களும் கடைக்கே போய்க்கொண்டிருந்தால் நோயாளியை யார் பார்த்தது? வண்டியோடு வந்த பரிசோதனைத் தாள் நான்கு பக்கம், முழுக்க அந்நிய மொழி. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "வண்டி நல்லா இருக்குன்னு போட்டிருக்கான் சார்" என்றார். நான்கு பக்கத்துக்கும் அது ஒன்றுதான் அர்த்தமாம்!

சிரிக்கிறீர்கள். நான் அன்று சிரிக்கவில்லை. எஞ்சினை உறும விட்டேன், காதைக் கொடுத்தேன், "தங்கமான வண்டி, கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்று தங்கையிடம் சொன்னேன். உடன் வந்த எலக்ட்ரீசியன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏன்? நம் தொழிலில் ஒரு மரியாதை இருக்கிறதே! ஒருவர் பார்த்துவிட்ட வண்டியின் பானெட்டை இன்னொருவர் திறக்க மாட்டோம். திறந்தால் அவரைச் சந்தேகித்ததாகிவிடும். அந்தப் பாழாய்ப்போன மரியாதையை எனக்கும் காட்டினார்.

சீட் உறை தைக்க எங்களோடு வந்திருந்த அக்கா மட்டும் டேப்போடு உள்ளே ஏறினார். உறையில் சீட் பெல்ட் வரும் இடத்தில் துளை விட வேண்டும் அல்லவா? அளவெடுக்கப் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார்.

"அண்ணே, இங்க கொஞ்சம் வாங்களேன்."

"அளவெடுக்க வந்தா அளவ மட்டும் எடும்மா!" என்றேன். ஆம், இந்த வாயால்தான் சொன்னேன்.

"திட்டினாலும் பரவால்ல. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். வெளியே தெரிந்த பெல்ட் புத்தம் புதிது. சுருளுக்குள் ஒளிந்திருந்த கடைசி முழம் முழுவதும் சேறு! கம்பளத்தைத் தூக்கினேன், வண்டல். ஒயர் முனைகளைப் பிரித்தேன், பச்சைப் பாசியாய்க் களிம்பு. வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி, தோழர்களே! பிள்ளைகளோடு போகும்போது எந்த ஒயர் எப்போது கைவிரிக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

"மழைல லேசா நனைஞ்சிருக்கும் சார்" என்றார் தரகர்.

"மழை என்ன, பெல்ட் சுருளத் தேடிப் போயா நனைச்சுது?" என்றார் அக்கா.

கையெழுத்துப் போட எடுத்த பேனாவைத் தங்கை கீழே வைத்தாள். அவள் கோபப்படவில்லை. "நீ பாத்துட்டேன்னு சொன்னதாலதான் அண்ணா, நான் பாக்கவே இல்ல" என்றாள். முப்பது ஆண்டில் எத்தனையோ முறை கை நசுங்கியிருக்கிறது, சூடு பட்டிருக்கிறது. இப்படி வலித்ததில்லை.

ஆகவே கேட்கிறேன். நம் மரியாதை பெரிதா, ஏறுகிறவர் உயிர் பெரிதா? நம் கௌரவம் பெரிதா, ஒரு குழந்தையின் கை கால் பெரிதா? சத்தமாகச் சொல்லுங்கள்! ஆம், அப்படிச் சொல்லுங்கள்! இன்று முதல் என் சொல்லைக் கேளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். நான் பார்த்த வண்டியை இன்னொருவர் பார்க்கட்டும். தாளைப் படிக்கத் தெரிந்தவர் வரிவரியாய்ப் படிக்கட்டும். தைக்கிறவர் சொன்னாலும், துடைக்கிறவர் சொன்னாலும் காது கொடுப்போம்!

தங்கை வேறு வேன் பிடித்துவிட்டாள். பம்பரில் கீறல், மீட்டரில் மறைக்காத வயது. இதோ, இந்தக் கூட்டத்தின் வாசலில்தான் நிற்கிறது. நான் பார்த்துவிட்டேன். அக்காவும் பார்த்துவிட்டார். நாளைக் காலை பள்ளி திறக்கிறது, ஒன்பது பிள்ளைகள் அதில் ஏறப் போகிறார்கள். கூட்டம் முடிந்ததும் யாரும் நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். பானெட்டைத் திறங்கள், அடியில் படுத்துப் பாருங்கள், என் மானத்தைப் பார்க்காமல் குறையைத் தேடுங்கள்!

இவ்வளவு நேரம் என் அசட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றி. சாவி தங்கையிடம் இருக்கிறது. வணக்கம்!