டைல்ஸ்காரன் வீட்டுச் சமையலறை

— ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கேன், நிவெஸ். செருப்பக் கழட்டிட்டு ஏறி நில்லு. கண்ண மூடிக்க.

— காலங்காத்தால பொண்டாட்டியக் கண்ண மூடிக்கிட்டு சமையலறை நடுவுல நிக்கச் சொல்ற. காபி பொங்குது, எல்வியோ.

— பொங்கட்டும். இடது காலுக்கு அடியில கல்லு, வலது காலுக்கு அடியில டைல்ஸ். எது சுகமா இருக்கு?

— ரெண்டும் சில்லுனுதான் இருக்கு. இடது பக்கம் கொஞ்சம் மேடும் பள்ளமுமா.

— அதான். டைல்ஸே போட்டுடலாம்.

— இரு... யாரு சொல்றது? நாப்பத்தியோரு வருஷம் அடிலெய்டு பூரா தரை போட்ட மனுஷனா? கல்ல போட்டோ எடுத்து பிஸ்கட் மேல ஒட்டினா அதுதான் டைல்ஸ்னு என் தம்பி கல்யாணத்துல மைக்கப் புடுங்கிப் பேசின ஆளா?

— அன்னைக்குக் குடிச்சிருந்தேன்.

— இல்ல. அன்னைக்கு நீதான் வண்டி ஓட்டின.

— சரி, புத்தி இல்லாம இருந்தேன். இப்ப எல்லாம் நல்லா பண்றாங்க. கல்லுல இருக்கிற கோடு கூட அப்படியே வந்திருக்கு பாரு. தக்காளிச் சாறு கொட்டினாலும் எண்ணெய் கொட்டினாலும் உள்ள இறங்காது. ஒரு துடைப்பு, முடிஞ்சுது.

— இதத்தான் நான் பத்தொன்பது வருஷமாச் சொன்னேன். நீ கேட்டியா? மிந்தாரோ குவாரி சிலேட்டுக் கல்லுதான், அதுவும் நானே போய்ப் பொறுக்கின கல்லுதான்னு பிடிவாதம் பிடிச்ச. ஊர்ல இருக்கிறவங்க வீட்டுக்கெல்லாம் போட்ட. நான் வெறும் சிமெண்ட்டுல நின்னு சமைக்கிறேன்.

— பல் டாக்டரோட பொண்டாட்டி பல்ல நீ பாத்திருக்கியா?

— சிரிக்காத. இருமல் வந்துடும்.

— வராது... வரல... ம்... வந்துடுச்சு.

— உக்காரு. தண்ணிய மெல்ல மெல்லக் குடி. பேசாத.

— பேசாம இருந்தா நான் செத்துட்டேன்னு நினைச்சுக்குவ.

— எல்வியோ.

— சும்மா சொன்னேன். தப்பு என் மேலதான். அடுத்தவங்க வீட்டச் சேறாக்கக் கூடாதுன்னு தண்ணி விடாமக் கல்ல அறுத்தேன். மாஸ்க்கு கழுத்துல, சிகரெட்டு வாயில. தூசியெல்லாம் எங்க போச்சுன்னு நினைக்கிற? நெஞ்சுக்குள்ள ஒரு தரை போட்டு வச்சிருக்கேன். நம்ம வீட்டு வேலையில முழுசா முடிஞ்சது அது ஒண்ணுதான்.

— போதும். இந்தா, காபி.

— டீனோ பத்து மணிக்குள்ள போன் பண்ணச் சொல்லியிருக்கான். எதுன்னு சொல்லிட்டா இன்னைக்கே வண்டியில ஏத்திடுவான், திங்கக்கிழமை வேலை. டைல்ஸா இருக்கும்னு நேத்தே கோடி காட்டினேன். சிரிக்கிறான். உன் கூட்டாளியா இத்தனை வருஷம் இருந்திருக்கேன், நிஜத்தச் சொல்லு, நிவெஸ் துப்பாக்கியோட பக்கத்துல நிக்கிறாளான்னு கேக்கறான்.

— கல்லுன்னு சொல்லிடு.

— உனக்குத்தான் கல்லே பிடிக்காதே?

— இப்பப் பிடிக்குது.

— எப்பலேர்ந்து?

— போன மாசத்துலேர்ந்து.

— அது... நிவெஸ், கல்லுன்னா வேலை இருக்கு. வருஷா வருஷம் மேல ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுப் பாக்கணும். கறுத்துதுன்னா, கறை உள்ள இறங்காம இருக்க மறுபடி சீலர் பூசணும். மண்டி போட்டு, மூலை மூலையா, மணிக்கணக்கா. யாரு செய்யறது?

— நீதான்.

— என் முட்டி இருக்கிற நிலைமையிலயா?

— முட்டிய விடு. நீ குனியவே வேணாம். அறுக்கிறதெல்லாம் டீனோ கடையிலயே, தண்ணி விட்டுத்தான் அறுக்கணும், ஒரு துளி தூசி இங்க வரக் கூடாதுன்னு சொல்லியாச்சு. கல்ல எல்லாம் இங்க பரப்பி வச்சுடுவான். நீ நாற்காலியில உக்காந்து, எது எங்க வரணும்னு பாத்து, கம்பு நுனியில சாக்பீஸக் கட்டி நம்பர் போடு. அவன் ஒட்டட்டும்.

— அவன் எப்பவும் ஜன்னலோரம் கறுப்பு வச்சுடுவான். வெயில் விழற இடத்துல நீலம் ஓடின கல்லு வரணும். அடுப்புப் பக்கம்தான் கறுப்பு. அப்புறம் வாசப்படிகிட்ட ஒரு பெரிய... வேணாம். விடு. டைல்ஸ்.

— ஏன் வேணாம்?

— மேடு பள்ளம்னு நீயே சொன்ன. தடுக்கி விழுந்தா தூக்க ஆள் வேணும். டைல்ஸ்னா மூணு பெட்டி கூட வாங்கி கார் ஷெட்டுல அடுக்கிடறேன். அடுத்த தடவை அதே நிறம் கிடைக்காது. ஒண்ணு ரெண்டு உடைஞ்சா டீனோவக் கூப்பிடு, நம்பர ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன்.

— வீட்டுலயே ஒரு ஆள வச்சுக்கிட்டு நான் ஏன் டீனோவக் கூப்பிடணும்?

— ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— எலுமிச்சை மரத்துக்கு எந்த மாசம் உரம் வைக்கணும்னு எழுதி ஒட்டியிருக்கியே. கார் இன்சூரன்ஸ் தேதி. கூரைத் தகரத்துல எங்க ஒழுகும்னு படம் வேற. அதெல்லாமும் பேச்சுக்கா?

— கையெழுத்துப் பழகறேன். பள்ளிக்கூடத்துல விட்டது.

— டாக்டர் போன மாசம் என்ன சொன்னாரு?

— எத்தனை தடவை சொல்றது? மாத்திரைய மாத்தியிருக்காரு. நடக்கச் சொன்னாரு. சீஸக் குறைக்கச் சொன்னாரு, அத மட்டும் நான் கேக்கப் போறதில்ல.

— அந்த வாரமே, நீ தோட்டத்துல இருந்தப்ப ஆஸ்பத்திரி நர்ஸ் கூப்பிட்டா. ஆக்ஸிஜன் மெஷின் என்னைக்குக் கொண்டு வரலாம்னு கேட்டா. எனக்கும் எல்லாம் தெரியும்னு நினைச்சுட்டா, பாவம். கோடைக்கு முன்னாடியே வீட்டத் தயார் பண்ணிக்குங்க, அதுக்கு மேல நாள் இருக்குமான்னு சொல்ல முடியாதுன்னா. நானும் சரி சரின்னு கேட்டுக்கிட்டேன். தேதி குறிச்சுக்கிட்டேன். நன்றி கூடச் சொன்னேன்.

— ஒரு மாசமாத் தெரிஞ்சும் நீ...

— நீ ஜோக்கடிச்ச. நான் சிரிச்சேன். வேற என்ன செய்ய?

— சொல்லணும்னுதான் இருந்தேன், நிவெஸ். முதல்ல தரைய முடிச்சுடலாம், அப்புறம் சொல்லலாம்னு... என் வழக்கம் தெரியுமே, எந்த வேலைய நான் சொன்ன நாள்ல முடிச்சிருக்கேன்?

— கைய இங்க குடு.

— இப்பவாவது புரியுதா? எனக்குன்னா கல்லு. உனக்குன்னா டைல்ஸ். இதுல நடக்கப் போறவ நீதான். துடைச்சமா, போனமான்னு இருக்கணும் உனக்கு. போன எடு, டைல்ஸ்னு சொல்றேன்.

— பெர்த்துல நம்ம பொண்ணுகிட்டப் பேசிட்டேன், எல்வியோ. நீ இல்லாத வீட்டுல ஒரு ராத்திரி கூடத் தங்க என்னால முடியாது. அவ வீட்டுல எனக்கு ஒரு ரூம்பு ஒழிச்சு வச்சிருக்கா, கார்ப்பெட் போட்ட ரூம்பு. இந்தத் தரையில நடக்கப் போறது நீ மட்டும்தான்... டீனோகிட்ட கல்லுன்னு சொல்லு.