கால்வாய்க்குள் நின்று கோணம் சொன்ன அண்ணனுக்கு

முப்பத்துநான்கு ஆண்டுகள் எங்கள் நாளிதழின் முதல் பக்கத்துக்கு முகம் தந்த முதல்வரே! வெயிலோடு விளையாடி, மழையோடு மல்லுக்கட்டி, மந்திரிகளின் கொட்டாவியையும் மாணவிகளின் மதிப்பெண் மகிழ்ச்சியையும் ஒரே மரியாதையோடு மடக்கிப் பிடித்த மாமணியே! “ஒன்னே ஒன்னு, இன்னும் ஒன்னே ஒன்னு” என்று கெஞ்சியும் கொஞ்சியும் ஊரையே அசையாமல் நிற்கவைத்து, அந்தச் சொல்லாலேயே ‘ஒன்னேஒன்னு அண்ணன்’ என்று பெயர் வாங்கிய பெருந்தகையே! புகைப்படப் பிரிவினர் எழுவரின் வணக்கம்.

இந்த மடல் இரண்டு முறை மேலாளர் அறைக்குப் போய், இரண்டு முறையும் சிவப்பு மையோடு திரும்பி வந்தது என்பதைச் சபையோர் அறிய வேண்டும். “கால்வாய் விஷயம் வேண்டாம், நல்ல நாளும் அதுவுமாக எதற்கு?” என்று ஓரத்தில் எழுதியிருந்தது. நல்ல நாள் என்பதால்தான் வாசிக்கிறோம், ஐயா. இன்று மாலை ஐந்து மணிக்கு அண்ணன் பணி ஓய்வு பெறுகிறார், அவரது பணிப்பதிவேடு மூடப்படும். மூடிய பிறகு அதில் ஒரு புள்ளியைக்கூட எவராலும் மாற்ற முடியாது. இப்போது மணி நாலு பத்து.

நகைச்சுவை நாயகரே! நம் பிரிவின் தேநீர் மேசையில் தாங்கள் உதிர்த்த வாசகங்களை வெளியாள் கேட்டால் நம் எல்லோரையும் ஊரைவிட்டே ஒதுக்கி வைத்திருப்பார்கள். “தீயணைப்பு வண்டி சீக்கிரம் வந்தா வயிறு எரியுற ஒரே கூட்டம் நாமதான்டா” என்றீர்கள். “மாடியிலேர்ந்து விழுறவன்கிட்ட, ‘சார், ரெண்டாவது மாடியில ஒரு நிமிஷம் நில்லுங்க’ன்னு கேக்கத் தெரிஞ்சவன்தான் போட்டோகிராபர்” என்றீர்கள். நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். சிரித்ததோடு நின்றோமா? அதையே பாடமாகப் படித்தோம். அடிபட்டவரைச் சுற்றி வட்டமாக நின்று, ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் கேமராவை நீட்டி, “தள்ளுங்க சார், மறைக்குது” என்று முதலுதவி செய்பவரையே அதட்டியவர்கள் இந்த மடலின் கீழே கையெழுத்திட்டிருக்கிறோம்.

அப்படிப் பேசிவிட்டுத் தாங்கள் செய்ததென்ன, அண்ணா? இதில்தான் எங்களுக்கு உங்கள்மேல் முதல் கோபம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலை. பத்து மணிக்குப் பேருந்து ஒன்று வழுக்கிக் கால்வாய்க்குள் சாய்ந்தது. வேறொரு வேலையாக அவ்வழியே போன தாங்கள்தான் அங்கே முதல் ஆள். கழுத்தில் கேமரா. எதிரே, வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் காட்சி. தாங்கள் கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் இறங்கினீர்கள். சன்னல் வழியே பன்னிரண்டு பேரை இழுத்துக் கரை சேர்த்தீர்கள். இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த இருவரைப் பற்றித் தாங்கள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, அவர்களை வைத்து ஒரு நகைச்சுவையும் சொன்னதில்லை.

கால் மணி நேரம் கழித்துப் போட்டிப் பத்திரிகையின் புகைப்படக்காரர் கரையில் வந்து நின்றார். அப்போது தங்கள் தலைக்கு மேல் தூக்கிய கைகளில் ஒரு குழந்தை. அவர் அவசரமாகக் கேமராவைத் தூக்கியதைப் பார்த்த தாங்கள், தண்ணீருக்குள் நின்றபடியே கத்தினீர்கள்: “தம்பி, வெளிச்சம் எதிர்ல இருக்கு, படம் கருத்துடும்! இடது பக்கம் வா! வந்துட்டியா? ஒன்னே ஒன்னு எடு, எனக்குக் கை வலிக்குது!”

அவர் இடது பக்கம் வந்தார். எடுத்தார். அந்தப் படம் அவருக்கு ஆண்டின் சிறந்த படம் என்ற விருதை வாங்கித் தந்தது.

நம் அலுவலகம் தங்களுக்குத் தந்ததைச் சொல்கிறோம். சேறு சொட்டச் சொட்ட வந்து, லென்சுக்குள் தண்ணீர் தளும்பும் கேமராவை மேசைமேல் வைத்தீர்கள். மேலாளர் ஐயா கேட்ட கேள்வி இரண்டே சொல்: “படம் எங்க?” எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்கவில்லை. உங்களுக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை. சன்னல் கண்ணாடி கிழித்துத் தங்கள் முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்ததே, அதுகூடக் கண்ணில் படவில்லை! கண் இருந்து என்ன பயன்?

இரண்டு நாள் கழித்துக் குறிப்பாணை வந்தது. படம் எடுக்கத் தவறியது, நிறுவனக் கேமராவை நனைத்தது, போட்டி நிறுவனத்தாருக்குக் கோணம் சொல்லி உதவியது என்று மூன்று குற்றங்கள். தாங்கள் எழுதிய பதில் ஒரே வரி: “நல்ல வெளிச்சம் வீணாகப் போகிறதே என்று சொல்லிவிட்டேன்.” அந்த வரிக்காகத் தங்களைத் தோளில் தூக்கிச் சுமந்திருக்க வேண்டும். ‘விளக்கம் ஏற்கத்தக்கதல்ல’ என்று முத்திரை குத்தி, செய்திப் படம் எடுக்கும் வேலையிலிருந்தே தூக்கிவிட்டார்கள். அன்றுமுதல் தங்களுக்கு நாடா வெட்டும் விழா, நாற்காலி வழங்கும் விழா, மேடையில் மாலை மாற்றும் விழா. கொடுமையின் உச்சமாக, அந்தப் போட்டிக்காரர் விருது வாங்கிய விழாவைப் படமெடுக்கவும் தங்களைத்தான் அனுப்பினார்கள். போய், எடுத்து, “ஒன்னே ஒன்னு” கேட்டு, கைகுலுக்கி வந்தீர்கள். எங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாங்களோ, “பையன் கோட்டு நல்லா இருந்துச்சு” என்றீர்கள்.

பொறுமைப் பெருங்கடலே! இந்தப் பொறுமையைக் கண்டுதான் எங்களுக்கு ஆத்திரம். குறிப்பாணையை வீட்டுக்குக் கொண்டுபோன அன்று, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அதைப் படித்துவிட்டு, “அந்தக் குழந்தை பொழச்சுதா?” என்று மட்டும் கேட்டாராம். “பொழச்சுது. படம்தான் செத்துப்போச்சு” என்றீர்களாம். அண்ணி சிரிக்கவில்லையாம். அந்த வீட்டில் ஒருவருக்காவது கோபம் வந்ததே என்று நாங்கள் நிம்மதி அடைந்தோம்.

தங்களுக்கு அது உறைக்கவே இல்லை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தோம். போன மாதம் பதிவேட்டுப் பிரிவு அம்மா வந்து சொன்னார்: தாங்கள் போய்ப் பணிப்பதிவேட்டை வாங்கி, குறிப்பாணை பதிவான அந்த ஒரு பக்கத்தை மட்டும் நெடுநேரம் பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “இத எடுக்க முடியாதாம்மா?” என்று கேட்டீர்களாம். மேலாளர் கையெழுத்து வேண்டும் என்றாராம். “சரி, விடுங்க, அவருக்கு ஆயிரம் வேலை” என்று எழுந்து வந்துவிட்டீர்களாம்.

விட முடியாது, அண்ணா.

இனி வருவது மேலாளர் அறைக்குப் போன பிரதியில் இல்லாத பத்தி. தண்ணீருக்குள் நின்று தாங்கள் கோணம் சொன்ன சங்கதி அலுவலகத்துக்கு எப்படித் தெரிந்தது? போட்டிக்காரர் அதை நன்றியோடு என்னிடம்தான் சொன்னார். படங்களுக்கு அடிக்குறிப்பு எழுதும், இப்போது இந்த ஒலிவாங்கியின் முன் நிற்கும் என்னிடம். நான் அதைக் கண்ணும் காதும் மூக்கும் வைத்துத் தேநீர் மேசையில் நடித்துக் காட்டினேன். ஏழு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். போதாதென்று லிப்டில் மேலாளர் ஐயாவிடமும் சொன்னேன், அவரையும் சிரிக்கவைக்கலாம் என்று. அவரும் சிரித்தார். மறுநாள் குறிப்பாணையில் மூன்றாவது குற்றமாக அது இருந்தது. தாங்கள் யார் சொன்னது என்று கேட்கவே இல்லை. நாங்களும் ஒன்பது வருடம் வாய் திறக்கவில்லை. மேலாளர்மேல் வரும் கோபத்தில் பாதி எங்கள்மேல் வர வேண்டியது.

அன்புக்குரிய அண்ணலே! கண்பார்வை மங்காமல், முழங்கால் மக்கர் பண்ணாமல், அண்ணியோடும் மகளோடும் ஆண்டு நூறு காண்க! எவர் விழாவிலும் நிற்காமல் இனி விரும்பிய இடத்தில் உட்காருக! விரும்பியதை மட்டும் படமெடுக்க, விரும்பாவிட்டால் எடுக்காதிருக்க, தங்கள் கைக்கு இனி முழு உரிமை உண்டாகுக!

மேலாளர் ஐயா, பதிவேடு தங்கள் முன்னால் அந்தப் பக்கத்தில் திறந்தே இருக்கிறது. பேனா பக்கத்தில் இருக்கிறது. அதில் ‘நீக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டால், இந்த மடலின் அடியில் விட்டிருக்கும் இடத்திலும் கையெழுத்திடுங்கள். இடாவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கும். காலி இடத்தோடு சேர்த்துத்தான் இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவோம். அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஒன்று, நம் அலுவலக வாசலில் ஒன்று.

இங்ஙனம்,
அன்று சிரித்த எழுவர்,
புகைப்படப் பிரிவு.

மேலாளர்: ………………………