ஆர்லிஸின் ஈயச்சட்டியில் நான் போட்டவை

"கட்டரால கடிச்சுப் பாருன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு? ஈயம்னா வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். துத்தநாகம்னா கட்டர் வழுக்கும். இதுல என்ன பெரிய படிப்பு இருக்கு?"

"கடிச்சுப் பார்க்காம ஒரு துண்டுகூட நான் போடல ஆர்லிஸ். உன் சட்டியிலதான் கோளாறு."

"சட்டியிலயா? கஞ்சி மாதிரி திரண்டு கிடக்கு பாரு. மூணாவது தடவை. இதை அச்சுல ஊத்தினா தோட்டா வராது, உங்க சித்தப்பா மூஞ்சிதான் வரும்."

"எங்க சித்தப்பாவை இழுக்காதே. அவருக்காவது மூஞ்சி இருந்துச்சு. உனக்குத் தாடிதான் இருக்கு."

என் சமையலறை ஜன்னல் வெயில் காலத்தில் சரியாகச் சாத்தாது, டெபுடி தம்பி. மரம் உப்பிவிடும். அதனால் போன வருஷம் பக்கத்து வீட்டு ஷெட்டில் ஆர்லிஸும் மார்வாவும் இப்படிப் பேசிக்கொண்டது தானாகக் காதில் விழுந்தது. ஜன்னலோரம் நாற்காலி போட்டிருப்பது என் முட்டிவலிக்காக.

நீங்கள் வந்தது எதிர்வீட்டு நாய் காணாமல் போனதை விசாரிக்க. நாயை நான் பார்க்கவில்லை. ஆனால் வந்தது வந்தீர்கள், காபியும் போட்டாகிவிட்டது, இதையும் எழுதிக்கொண்டு போங்கள்.

ஆர்லிஸ் போட்ரைட் மனைவியை இழந்தவர். ரிவால்வருக்கு வேண்டிய தோட்டாவைத் தானே வார்ப்பார். இந்த மிசௌரி மலைப்பக்கத்தில் கடைத் தோட்டா வாங்கிச் சுடுகிறவனைத் துப்பாக்கி கிளப்பில் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். அவனோடு பேசமாட்டார்கள், அவ்வளவுதான். தோட்டா வார்க்க ஈயம் வேண்டும். கார் சக்கரத்தைச் சமன் செய்ய விளிம்பில் மாட்டும் எடைத்துண்டு இருக்கிறதே, அதுதான் எல்லோருக்கும் ஈயம். பதினோரு வருஷம், செவ்வாய்க்கிழமை தவறாமல், டயர் கடையில் பழைய துண்டுகளைக் கேட்டு வாங்கி, காபி டப்பா நிறைய அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். "ரொம்ப நன்றி நெட்ரா" என்பார். அந்த 'ரொம்ப'வை ஒரு மாதிரி இழுப்பார். அதற்கு நான் எந்த அர்த்தமும் வைத்துக்கொண்டதில்லை.

போன வருஷம் வசந்தத்தில் மார்வா ஸ்டீகல் அந்த டயர் கடையிலேயே கல்லாவுக்கு வந்தாள். ஐம்பத்திரண்டு வயசு, இரண்டு விவாகரத்து, மஞ்சள் பூட்ஸ். டப்பா இல்லை தம்பி, வாளி. வாளி வாளியாகக் கொண்டுவந்து இறக்கினாள். என் டப்பாவை ஆர்லிஸ் ஒரு செவ்வாய்க்கிழமை வாங்கி, பார்க்காமலே அலமாரியில் வைத்தார். சனிக்கிழமைதோறும் அவள் சட்டிக்கு முன்னால் நின்றாள். ஒரு மனிதருக்கு அக்டோபரில் துப்பாக்கி சுடும் போட்டி இருக்கிறது. வார்ப்பு தெரியாத பெண் பக்கத்தில் நின்றால் என்ன ஆகும் என்று யாராவது அவருக்குக் காட்ட வேண்டாமா?

இப்போதெல்லாம் துண்டுகளில் பாதி துத்தநாகம். ஈயத்தில் அது கரைந்தால் சட்டியே பாழ். ஆனால் ஈயம் அறுநூற்றிருபது டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகும், துத்தநாகத்துக்குக் கிட்டத்தட்ட எண்ணூறு வேண்டும். பதமான சூட்டில் அது மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துப் போட்டுவிடலாம். ஆகவே துத்தநாகத் துண்டைப் போட்டால் மட்டும் போதாது, சட்டியின் சூட்டுக் குமிழையும் கூட்டித் திருப்பி வைக்க வேண்டும். அவர்கள் சாப்பிட உள்ளே போனபோது இரண்டையும் செய்தேன். மூன்று சனிக்கிழமை. கை தவறிப் போட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், குமிழ் இடிக்கிறது.

மூன்றாவது சண்டையோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். தாடியைச் சொன்னாளே, அதன் பிறகு ஷெட்டில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். "இனிமே கலப்படமே வேணாம் மார்வா. புதுசா உருக்கி, வடிகட்டி, கட்டியா ஊத்தி வெச்சுக்குவோம்" என்கிறார் அவர். அவள் வீட்டிலிருந்து கேக் சுடும் மஃபின் தட்டு வந்தது. அதில் ஊற்றி, நாற்பத்தெட்டு ஈய மஃபின். பேக்கரி மாதிரி அடுக்கி வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த மஃபின்களைக் கழுவினேன். தூசியாக இருந்தன. தோட்டக்குழாயில் நன்றாகக் கழுவி, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, ஈரத்துணி போட்டு மூடினேன். நான் சுத்தக்காரி, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சனிக்கிழமை காலையில் துணியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கொதிக்கும் ஈயத்துக்குள் ஈரக் கட்டி போனால் தண்ணீர் ஆவியாகிச் சட்டி முழுவதும் மேலே எழும். வார்ப்புக்காரர்கள் இதை 'தேவதை வந்தாள்' என்பார்கள். தெரியும், பதினோரு வருஷமாகத் தெரியும். அன்று கட்டி போடுகிற முறை மார்வாவுடையது என்பதும் தெரியும். ஆனால் அவளுக்கு போன் வந்துவிட்டது. கடையில் யாருக்கோ டயர் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லையாம். ஆர்லிஸ் தானே போட்டார்.

தேவதை வந்தாள். கூரை விசிறி வெள்ளிமுலாம் பூசியதுபோல் ஆனது. கண் கவசம் போட்டிருந்ததால் கண் தப்பியது. தாடி பாதி ஈயமானது. ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோல் இரண்டு உடைந்தன என்று கேள்வி. இடது காதுக்குள் ஒரு சொட்டு போயிற்று, அந்தக் காது கேட்காது. எனக்குத் தூக்கம் வராத அளவுக்கு வருத்தம், ஏனென்றால் அது அவருக்காக வைத்ததில்லை. அவளுக்காக வைத்தது. அதுதான் தம்பி நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது.

மூன்று வாரம் அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கோழி கேசரோல் கொண்டுபோனேன். "கட்டியைத் தொட்டுப் பார்க்காம போட்டது என் தப்புதான் நெட்ரா" என்றார் ஆர்லிஸ். நான் மறுத்துப் பேசவில்லை, நோயாளியோடு எதற்கு வாக்குவாதம்.

நவம்பரில் பாப்டிஸ்ட் சர்ச்சில் கல்யாணம். மூன்று அடுக்குக் கேக் நான் செய்தது. ஜனவரியில் ஆர்கன்சாவுக்குக் குடிபோனார்கள், கார் ஓட்டினால் நாலு மணி நேரம். சட்டியையும் எடுத்துப்போனார்கள். அவர்கள் வீட்டுக்கு நேரெதிரே ஒரு சின்ன வீடு விலைக்கு இருந்தது. போன வாரம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு காது கேட்காத மனிதர், துத்தநாகத்துக்கும் ஈயத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு பெண். அவர்களை நம்பி அந்தச் சட்டியை எப்படி விடுவது?