பெயர் எழுதாத செய்தி

வேடசந்தூர் பஸ்ஸில் மகனை மடியில் வைத்திருந்தேன். எங்கள் ஊர்ச் செய்திகளை வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறவர் முன் சீட்டில் இருந்தார். பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்:

"சாவு நியூஸ் எழுதி முடிச்சிட்டேண்ணே. பேரு மட்டும் போடணும்."

"யாருப்பா செத்தது?"

"இன்னும் சாகலை."

பெரியவர் சிரித்தார். "ஏலே, எமன் ஒனக்குத் தனியா ஆள் விட்டுச் சொல்றானாக்கும்?"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி கெணத்துக்குச் சுவர் இல்லைன்னு ரெண்டு தடவ எழுதிட்டேன். ஒரு செங்கல் வரலை. அதான், பிள்ளை விழுந்துட்ட மாதிரியே எழுதிட்டேன். இப்ப நேரா ஆபீசர் மேசையில வைக்கப் போறேன். சுவரைக் கட்டுங்க, இல்லாட்டி பேரை நீங்களே எழுதிக்கங்கன்னு."

"வயசு?"

"அஞ்சு. ஒண்ணாப்புப் பையன்."

அந்தப் பள்ளியில்தான் என் மகன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். அவனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார்.

"பையனுக்கு என்ன வயசும்மா?"

ஐந்து என்றாலும் ஆறு என்றாலும் அதே அரை டிக்கெட்தான். "ஆறு" என்றேன்.

"இல்லம்மா, அஞ்சு" என்று மகன் எல்லோருக்கும் கேட்கும்படி திருத்தினான்.

முன் சீட்டில் இருந்த இருவரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.