ஐஸ்கிரீம் என்று சொல்லப்பட்ட பெட்டி

வாசகர்களே, தீர்ப்பு வழங்க அல்ல, சாட்சியாக மட்டும் என்னருகே அமருங்கள். அந்தமானில், போர்ட் பிளேயரிலிருந்து ஹட் பே துறைக்குச் செல்லும் கப்பலின் மேல்தளம். எதிரே ஒரு தந்தையும் கல்லூரி வயது மகளும்; தந்தையின் மடியில் ஓர் ஐஸ் பெட்டி. பக்கத்தில் அவர்களுடைய ஊர்க்காரர்.

"அரே அண்ணே, டப்பாவுல என்ன?"

"ஐஸ்கிரீம்."

"ஊர் போறதுக்குள்ள பாயசமாயிடும். இங்கயே தின்னு முடிப்போம், திறங்க."

"வேணாம்பா. அது விருந்தாளிக்கு."

"கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணும்ணே," என்று சிரித்தபடி அவர் மூடியில் கை வைத்தார்.

"திறக்காதீங்க சித்தப்பா," என்றாள் மகள். "குளிர்ச்சி போயிடும். அது என் இன்சுலின். ஊர்ல தீர்ந்துபோச்சுன்னு போர்ட் பிளேயர் வந்து வாங்கிட்டுப் போறோம்."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"இதைச் சொல்றதுக்கு என்னண்ணே?"

"மாப்பிள்ளை பாக்குறோம்ல. வெளிய தெரிஞ்சா..."

"போன தடவை துணிப்பைக்குள்ள ஒளிச்சு வச்சு, சூட்டுல மருந்து கெட்டுப்போச்சு," என்றாள் மகள். "நான் மயங்கி விழுந்தேன். அதையும் வெயில் மயக்கம்னுதான் சொன்னாரு."

தந்தை தலை குனிந்தார். மருந்து தீவு மக்களைச் சென்றடையாததற்குக் கடலையும் அரசையும் மேடைதோறும் குற்றம் சாட்டியவன் நான். நோயை மறைக்கவைக்கும் இந்த வெட்கத்தைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை. நானும் தலை குனிந்தேன்.

ஹட் பே துறையில், பெட்டியை வாங்கக் கை நீட்டிய ஆட்டோக்காரர் உள்ளே என்ன என்று கேட்டார். தந்தை மகளைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"என் மகளோட இன்சுலின். வெயில் படாம வைப்பா. இனிமே எவன் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன், பொண்ணு பாக்க வர்றவன் கேட்டாலும்."